திங்கட்கிழமை இழுப்பு

எங்கள் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது, காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும் பெட்டி. டீஹியூமிடிஃபையர் என்று பெயர். எங்கள் தெருவில் அந்தப் பெயரை நாக்கு சுளுக்காமல் சொல்லக்கூடியவர் யாரும் இல்லாததால் அது தண்ணிப்பெட்டி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். போன ஐப்பசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸைக் காலி செய்தபோது ஒயர் கழற்றப் போனவர், மூலையில் கிடந்த இதைக் கேட்டு வாங்கி, வண்டியின் முன்னால் நிறுத்திக் காலால் அணைத்துக்கொண்டே எங்கள் பருத்திப்பட்டு வரைக்கும் ஓட்டி வந்துவிட்டார். ஏர்கூலரா என்று கேட்டேன்.

"இல்லம்மே, இது உல்டா. கூலரு தண்ணிய குட்ச்சிட்டு காத்து வுடும். இது காத்த குட்ச்சிட்டு தண்ணி வுடும்."

கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். படுக்கையறையில் வைத்து சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். மறுநாள் காலை அதன் வயிற்றிலிருந்த டப்பாவை இழுத்துப் பார்த்தால், தளும்பத் தளும்பத் தண்ணீர். கதவு மூடிய அறை, குழாய் இல்லை, யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. இத்தனை தண்ணீர் நேற்றுவரை எங்கே இருந்தது? நாங்கள் மூச்சு இழுத்த காற்றில் இருந்திருக்கிறது. இட்லி ஊற்றுவதை விட்டுவிட்டு அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வேலைக்குப் போக லேட்.

இது வேடிக்கைக்கு வாங்கியது இல்லை. எங்கள் பாப்பாவுக்கு ஆறு வயது. மழைக்காலம் வந்தால் இழுப்பு வந்துவிடும். விலா எலும்பு உள்ளே குழிய, நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல மூச்சு விடுவாள். எங்கள் வீடு ஏரிக்கரைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், தரைத்தளம். கார்த்திகை மாதம் சுவரில் கை வைத்தால் கை ஈரமாகும். பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் படரும். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டு, "ஈரமும் பூசணமும்தான் ஆகலை. வீட்டை காய வைங்க" என்றார். ஏரிக்குப் பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு எங்கே போய்க் காய வைப்பது?

வீட்டுக்காரரின் அக்கா தருமபுரியில் இருக்கிறார். காய்ந்த ஊர். பிள்ளை இல்லாத வீடு, பாசமான மனுஷி. பாப்பாவை அங்கே விட்டுப் படிக்க வைக்கலாம் என்ற பேச்சு போன வருஷமே வந்தது. பெட்டி வந்ததால் தள்ளிப்போயிற்று. இந்த மழைக்கும் இழுப்பு வந்தவுடன் என் வீட்டுக்காரர் அக்காவிடம் பேசி முடித்துவிட்டார். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் பாப்பா அத்தை வீட்டுக்குப் போகிறாள், அங்கேயே பள்ளிக்கூடம். "கொயந்த மூச்சு வுட முடியாம கஸ்டப்படுறத பாத்துக்கினு இருக்க சொல்றியா?" என்று அவர் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் அன்றைக்கு ஒரு தட்டு உடைந்தது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் குவாலிட்டியில் வேலை பார்க்கிறேன். லேத்தில் கடைந்து வரும் சாமான்களை அளந்து பார்த்து, சரி என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. பதினோரு வருஷமாக அதே வேலை. ஒரு சாமான் அளவு தப்பி வந்தால், ஏன் தப்பியது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. பாப்பாவின் இழுப்பையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஈரம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினேன். ஒரு நோட்டுப் போட்டேன். காலையில் ஈரம் எவ்வளவு, மாலையில் எவ்வளவு, ஜன்னல் திறந்திருந்ததா, இருமல் உண்டா, இன்ஹேலர் எத்தனை தடவை. மீட்டர் எழுபதுக்கு மேலே போனால் என் வீட்டுக்காரர் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. நனைந்த ரெயின்கோட்டை உள்ளே கொண்டுவந்தார், குளித்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டார், இப்படி ஏதாவது ஒரு குற்றத்தை அவர் தலையில் கட்டிவிடுவேன்.

பெட்டியைக் கழுவுவது என் வேலை. யாரையும் தொட விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கறி வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்குவேன். பின்பக்கம் கிளிப்பை அழுத்தினால் வலைபோட்ட ஃபில்டர் கழன்று வரும். ஒரு வாரத் தூசு அதில் சாம்பல் நிறத்தில் ஒரு துணி மாதிரியே படிந்திருக்கும், ஓரத்தைப் பிடித்து உரித்தால் முழுசாக வரும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். உள்ளே மெல்லிய தகடுகள் வரிசை வரிசையாக இருக்கும். அந்தத் தகடுகளைப் பெட்டி சில்லென்று ஆக்குகிறது, காற்று பட்டதும் வியர்க்கிறது, வியர்வை சொட்டி டப்பாவில் விழுகிறது. பெயின்ட் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்திருந்தேன். மேலிருந்து கீழே, தகடு மடங்காமல், மெதுவாக இழுக்க வேண்டும். டப்பாவுக்குள் ஒரு மிதவை உண்டு, தண்ணீர் நிறைந்தால் அது மேலே வந்து பெட்டியை நிறுத்தும். அதன் இடுக்கைத் துடைக்கக் காது குடையும் பஞ்சுக் குச்சி. எல்லாவற்றையும் ஒரு வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பாஷை புரியவில்லை, கை என்ன செய்கிறது என்று பார்த்தால் போதாதா.

கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டுமே. எங்கள் போர் தண்ணீர் உப்பு. குழாயெல்லாம் வெள்ளை பூத்து, பக்கெட்டில் செதில் கட்டும். பெட்டி தருகிற தண்ணீரோ துளி உப்பு இல்லாதது, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் மாதிரி. அதைக் கொட்டுவேனா? குளியலறையில் நீலநிற டிரம் ஒன்றை வைத்துத் தினமும் அதில் சேர்த்தேன். தரை துடைக்க, கக்கூசுக்கு ஊற்ற, செடிக்கு, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் அலச. பெட்டி கொடுத்த தண்ணீரால் பெட்டியையே கழுவுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் டிரம்மை அடிவரைக்கும் காலி செய்ய மாட்டோம். பாதி குறைந்தால் மேலே ஊற்றிவிட வேண்டும்.

அதற்குக் காரணமும் உண்டு. பாப்பா என் வயிற்றில் இருந்த வருஷம் இந்த ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அப்போது நாங்கள் மேனாம்பேட்டில் வாடகைக்கு இருந்தோம். லாரி எப்போது வரும் என்று தெரியாது. எட்டு மாத வயிற்றோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு நடப்பேன். முழுகாமல் இருக்கிறவள் என்று வரிசையில் யாரும் வழி விடவில்லை. விட்டால் அவர்கள் வீட்டுக் குடம் காலி, நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். ஒரு நாள் என் முறை வருவதற்குள் லாரி காலியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, கீழே உட்கார முடியாமல், நின்றுகொண்டே அழுதேன். அன்றிலிருந்து தண்ணீரைக் கீழே கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றும். நிறுத்தியும் இருக்கிறேன்.

தீபாவளி முடிந்த வாரம் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லிவிட்டார்கள். மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பியபோது குனிந்து செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. பெட்டியைக் கழுவவில்லை. மறுநாள் பாப்பாவுக்கு இழுப்பு வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு, போன வாரத்துக்கும் சேர்த்து முழு மூச்சாக உட்கார்ந்து கழுவினேன். திங்கட்கிழமை காலையில் பிள்ளை பல் தேய்க்கும்போதே விசில் சத்தம்.

நோட்டை எடுத்தேன். நாலு மாதப் பக்கங்களைத் திருப்பினேன். இழுப்பு எந்த நாளில் வந்தது என்று விரலை வைத்துக்கொண்டே போனால் திங்கள், திங்கள், செவ்வாய், திங்கள். திங்கட்கிழமை இழுப்பு எனக்குத் தெரியாததில்லை. பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று ஒரு தடவை அவளை அதட்டியும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புதான் ஒத்துக்கொள்ளவில்லை, ஏன் கறி வாங்கி வந்தீர்கள் என்று அவள் அப்பாவைத் திட்டியிருக்கிறேன். ஆனால் கழுவாத வாரத்தில் இழுப்பு இல்லை என்பதை என்ன செய்வது? அழுக்கு ஃபில்டர் இருந்தபோது பிள்ளை நன்றாக இருந்தாள், சுத்தம் செய்ததும் இழுக்கிறது. இது எந்த ஊர் நியாயம்? அந்த வாரம் முழுக்கக் கையில் அளவு பார்க்கும் கேஜைப் பிடித்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே கழுவாமல் விட்டேன். கை அரித்தது. திங்கட்கிழமை பாப்பா தலை பின்னும்வரை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போனபோது லேத் ஓடும் ஷாப்புக்குள் வழக்கமான நாற்றம். இரும்பைக் கடையும்போது சூடு தணிக்கப் பால் நிறத்தில் ஒரு தண்ணீர் ஊற்றுவார்கள், கூலண்ட் என்று பெயர். லேத்துக்கு அடியிலிருக்கும் தொட்டியிலிருந்து அது சுற்றிச் சுற்றி வரும். ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டால் திங்கட்கிழமை அது அழுகின முட்டை மாதிரி நாறும். பதினோரு வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறவள், அன்றைக்கு நின்று லேத் ஓட்டுகிறவரைக் கேட்டேன், புதுசாக ஊற்றினால் நாற்றம் போய்விடாதா என்று.

"எத்தினி புச்சு ஊத்துனாலும் அடில கீறது பழசு தானக்கா. அது புச்சயும் சேத்து கெடுத்துடும். மொத்தத்தயும் தொறந்து வுட்டு, தொட்டிய தேய்ச்சாதான் போவும்."

அவர் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அன்றைக்கு நான் எத்தனை சாமானை ஒழுங்காக அளந்தேன் என்று தெரியாது. என் நினைப்பெல்லாம் நீல டிரம்மில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போனேன். டிரம்மில் முக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரித் தெளிவு. யார் பார்த்தாலும் சுத்தம் என்றுதான் சொல்வார்கள், நானும் ஒரு வருஷமாக அப்படித்தான் சொன்னேன். சுடிதார் கையைச் சுருட்டிவிட்டுத் தோள்வரைக்கும் உள்ளே விட்டேன். அடியில் விரல் பட்ட இடமெல்லாம் வழவழவென்று இருந்தது. ஒரு பிடி எடுத்தேன். கறுப்பும் பச்சையுமாக ஒரு கொழகொழப்பு. முகர்ந்து பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால் வருகிற அதே பூசண வாடை.

பெட்டியை வாங்கியதிலிருந்து அந்த டிரம் ஒரு நாள்கூடக் காலியாகவில்லை. அந்தத் தண்ணீரில்தான் வாராவாரம் ஃபில்டரை முக்கி அலசியிருக்கிறேன். மழைக்காலத்தில் வெயில் ஏது? இரண்டு உதறு உதறி, ஈரத்தோடே மாட்டி, உடனே பெட்டியைப் போட்டுவிடுவேன், ஈரம் ஏறிவிடக் கூடாதே என்ற அவசரம். பெட்டி அந்த வலை வழியாக அறைக் காற்றை இழுத்து, பாப்பா படுக்கிற கட்டிலைப் பார்த்து ஊதும். சுவரில் இருந்த பூசணத்தைத் துரத்தப் பெட்டி வாங்கி, அதன் வாயில் நானே பூசணத்தைத் தடவிவிட்டிருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கை வரவில்லை, கையெல்லாம் அந்தக் கொழகொழப்பு.

ஆனாலும் ஒரே சோதனையில் பச்சை போட்டுப் பழக்கமில்லை எனக்கு. ஞாயிறு வரைக்கும் பொறுத்தேன். குடிக்கிற கேன் தண்ணீரில் சோப்புப் போட்டு ஃபில்டரைக் கழுவினேன், டப்பாவையும் மிதவையையும் தேய்த்தேன், மின்விசிறிக்குக் கீழே நாள் முழுக்கக் காயவைத்தேன். வலையைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, துளி ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாட்டினேன். திங்கட்கிழமை இழுப்பு இல்லை. அடுத்த வாரமும் அதே மாதிரி. அந்தத் திங்கள் நல்ல மழை, தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். நோட்டில் இருமல் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன், இல்லை என்று. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். இன்ஹேலரை நிறுத்த வேண்டாம், ஆனால் காரணம் அதுவாக இருக்கலாம், இப்படியே கழுவுங்கள் என்றார்.

அந்தச் சனிக்கிழமை டிரம்மைக் கவிழ்த்தேன். மழைக்கு ஊறிப்போன செடிகளுக்கு அந்தத் தண்ணீர் தேவையில்லை, சாக்கடையில்தான் விட வேண்டும். எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று, "இன்னாக்கா, நீ போய் தண்ணிய கொட்டுற" என்றாள். இதே வாசலில் நின்று அவளை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். துடைப்பத்தால் அடியைத் தேய்த்தேன்.

பாக்கி இருந்தது வீட்டுக்காரரிடம் சொல்வது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ரொம்ப யோசித்தேன். பொய் சொல்வானேன், யோசித்தேன். நாலு மாதமாக அவர் ரெயின்கோட்டையும் கறிக்குழம்பையும் பிடித்துத் தொங்கியவள், இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ஆனால் சொல்லாவிட்டால், இரண்டு வாரம் ஏதோ நல்ல நேரம், இழுப்பு வரவில்லை என்று நினைப்பார். பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். என் ரோஷத்துக்காகப் பிள்ளையை அனுப்புவேனா?

அன்றைக்கு மாலை டீ கொடுத்துவிட்டு, நோட்டை அவர் முன்னால் வைத்தேன். பாப்பா தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு இது?" என்றார்.

"படிச்சு பாருங்க. எல்லா திங்கக்கெழமயும் பாருங்க. நா டிரம்மு தண்ணில கழுவுனதாலதான் இழுத்துச்சு. தப்பு என்னுது."

அவர் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை டீ ஆறிக்கொண்டிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் பரவாயில்லை என்றுகூட இருந்தது. எழுந்து குளியலறைக்குப் போனார். காலியாகக் கவிழ்ந்து கிடந்த டிரம்மைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீயா காலி பண்ண?"

"ம்."

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, பாப்பா வர்ல. இல்லக்கா, சண்ட கிண்ட ஒன்னியும் இல்ல. இங்கயே சரியாய்டும்போல கீது. ஆமாக்கா. லீவுக்கு வரோம், எல்லாரும்." அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னார் என்று தெரியவில்லை. இவர் கொஞ்ச நேரம் ம் கொட்டிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை வைத்தார்.

பாப்பா கலர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "நா தப்பு பண்ணலியா?" என்றாள்.

"நீ இன்னாடி தப்பு பண்ண? இல்ல."

"பொட்டி?"

"அதுவும் இல்ல. அம்மாதான் தப்பா கழுவிட்டேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கோபமே இல்லாமல், நியாயமாகச் சொன்னாள்: "அப்போ நீதான அத்த ஊட்டுக்குப் போவணும்."

அவள் அப்பா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. என் கண்ணைப் பார்த்ததும் அவள் பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். எழுந்து வந்து என் முட்டியைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாத. இப்ப இல்ல. அரப்பரீச்ச முடிஞ்சப்புறம்தான்."

தருமபுரியைப் பற்றியோ பரீட்சைக்கு அப்புறம் போவதைப் பற்றியோ அவளிடம் நாங்கள் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.